மலை தாழ்ந்த இடம்

ஆடி மாதத்தில் ஆய்க்குடிப் பக்கம் போனால் கேரளப் பதிவெண் கார்கள்தான் கண்ணில் படும். கோயிலுக்கு வந்தவர்கள் அல்ல, உறவுக்காரர்களும் அல்ல. ஆய்க்குடியைத் தாண்டிச் சுந்தரபாண்டியபுரம் போகும் வழியில் பூத்துக் கிடக்கும் சூரியகாந்தியைப் பார்க்க வந்தவர்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழையை விட்டுவிட்டு, கணவாய் ஏறி இறங்கி வந்து, வரப்பில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் நன்றாக அமைவதற்கு ஒரு காரணம் உண்டு. மொட்டுப் பருவத்தில் வெயிலோடு தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சூரியகாந்தி, முற்றியதும் கிழக்கே பார்த்து நின்றுவிடும். இங்கே மலை மேற்கே இருக்கிறது. கிழக்கிலிருந்து கேமராவைப் பிடித்தால் பூவின் முகமும் அதன் பின்னால் நீல மலையும் ஒன்றாக விழுந்துவிடும். இதே பூவைக் கொல்லம் பக்கம் பயிரிட்டால் அது மலையைப் பார்த்து நிற்கும். மலையோடு சேர்த்துப் படம் எடுக்கிறவருக்குப் பூவின் முதுகுதான் கிடைக்கும்.

பூவை விட்டுவிட்டு அந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம். தெற்கே குற்றால மலையும் அதற்கப்பால் பொதிகையும் உயர்ந்து நிற்கின்றன. வடக்கே கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி என்று மலைச்சுவர் தொடர்கிறது. இரண்டுக்கும் நடுவே, செங்கோட்டைக்கு நேர் மேற்கே, மலை இறங்கி மறுபடி ஏறுகிறது. தென்காசி மாவட்டத்தின் காற்று, மழை, விவசாயம், ரயில், பேச்சு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அந்த இறக்கத்தில் ஒரு பங்கு இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து இந்த மாவட்டம் முறைப்படி தொடங்கியது 2019 நவம்பர் 22இல்தான். அரசு கோடு போடுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த நிலத்தை மலை தனியாகப் பிரித்து வைத்திருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை தபதியின் தெற்கே தொடங்கிக் குமரிமுனை அருகே முடிகிறது. இத்தனை நீளத்தில் அது நன்றாக அறுபடும் இடம் பாலக்காடு. அங்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான வெளி. செங்கோட்டைக் கணவாய் அவ்வளவு பெரியதல்ல. சமவெளி அப்படியே உள்ளே போய்விடுவதும் இல்லை. காடு மூடிய தாழ்ந்த மேடுகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் சற்றுத் தெற்கே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை நிற்கும் தொடரில், சில நூறு மீட்டர் ஏறினாலே மறுபக்கம் போய்விடலாம் என்பது சிறிய சலுகை அல்ல.

மலை இங்கே ஏன் தாழ்ந்தது? பாறை அறிஞர்கள் அச்சன்கோவில் வெட்டு மண்டலம் என்று ஒன்றைச் சொல்கிறார்கள். பூமியின் மேலோட்டில் இரண்டு பெரும் பாளங்கள் ஒன்றையொன்று உரசி நசுக்கிய தழும்பு அது. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இந்த வட்டாரத்தின் குறுக்கே ஓடுகிறது. அதற்கு வடக்கே இருக்கும் பாறைகளை மதுரைப் பாளம் என்றும் தெற்கே இருப்பவற்றைத் திருவனந்தபுரம் பாளம் என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த காலத்தில் இந்தத் தழும்பு அங்கேயும் நீண்டிருந்தது என்று கருதி, அந்தத் தீவின் ரனோட்சாரா என்ற வெட்டு மண்டலத்தோடு பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு. நசுங்கிய பாறை சீக்கிரம் தேயும். தேய்ந்த தடத்தில் ஆறு இறங்கும். ஆறு இறங்கிய தடத்தில் பின்னால் பாதை வரும். அச்சன்கோவில் ஆறு ஏறக்குறைய அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் மேற்கே போகிறது.

மனிதனுக்கு வழிவிட்ட இந்தத் தாழ்வு, உச்சியில் வாழும் உயிர்களுக்கு வழியை அடைத்துவிட்டது. குளிர்ந்த சோலைக்காட்டை விட்டுக் கீழே இறங்காத சிறு பறவைகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு வெப்பமான கணவாயைக் கடப்பது நடக்கிற காரியமில்லை. கணவாய்க்குத் தெற்கே தங்கிவிட்டவை பல லட்சம் ஆண்டுகள் தனியாகவே பெருகி வேறு இனமாகிவிட்டன. அசம்பு சோலைக்கிளி என்று இன்று அழைக்கப்படும் நீலப் பறவையை 2017இல்தான் தனி இனமாக விவரித்தார்கள். உலகத்தில் அது இருப்பது கணவாய்க்குத் தெற்கே உள்ள இந்த ஒரு மலைக்கூட்டத்தில் மட்டும். யானைகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். இந்தியக் காட்டு யானைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட பெங்களூரு அறிவியலாளர்கள், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பவை தனிக் கூட்டம் என்றும் அவற்றில் மரபணு வேற்றுமை மிகவும் குறைந்துவிட்டது என்றும் கண்டிருக்கிறார்கள். யானைக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. அதன் வழியை மறிப்பவை கணவாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்ட சாலை, ரயில், ரப்பர்த் தோட்டம், ஊர் எல்லாம்தான். மேக்கரை, வடகரைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இரவில் யானை இறங்கிவிட்டது என்ற செய்தி அடிக்கடி வருகிறதே, அதில் கோபப்பட விவசாயிக்கு நியாயம் இருக்கிறது. யானைக்கும் சொல்ல ஒரு நியாயம் இருக்கிறது.

இந்தத் தாழ்வை உடம்பில் உணர வேண்டுமென்றால் தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலில் போய் நிற்க வேண்டும். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபுரம் சிதைந்து, நடுவே பிளந்தபடி நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இன்று பார்க்கும் ஒன்பது நிலை ராஜகோபுரம் 1990இல் முடிந்தது. கோபுரத்தின் அடியில் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். ஆனி, ஆடியில் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்கள். உள்ளே தள்ளுகிறதா, வெளியே தள்ளுகிறதா என்று ஊர்க்காரர்கள் பந்தயம் கட்டுவது உண்டு. கணவாய் வழியாகக் குவிந்து வரும் மேல்காற்று ஊரின் மிக உயரமான சுவரில் வந்து மோதினால் வேறென்ன செய்யும்?

அதே காற்றுத்தான் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில், கயத்தாறு என்று போய்க் காற்றாலை இறக்கைகளைச் சுழற்றுகிறது. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் அதிகமாகக் கூடியிருக்கும் இடங்களைப் படத்தில் குறித்துப் பார்த்தால், ஒவ்வொரு கூட்டமும் ஏதாவது ஒரு கணவாய்க்கு நேராக இருக்கும். ஆரல்வாய்மொழிக்கு நேராக முப்பந்தல், செங்கோட்டைக்கு நேராகக் கயத்தாறு, பாலக்காட்டுக்கு நேராக உடுமலைப்பேட்டை.

காற்றோடு சாரலும் வருகிறது. தென்மேற்குப் பருவமழை தன் கையிருப்பையெல்லாம் கேரளச் சரிவில் கொட்டிவிட்டுத்தான் மலை ஏறுகிறது. மலை உயர்ந்த இடங்களில் இந்தப் பக்கம் இறங்குவது வறண்ட காற்று. மலை தாழ்ந்த இடத்தில் மட்டும் மிச்சமிருக்கும் மேகம் தப்பித்து வந்துவிடும். அது மழை அல்ல. நனைக்கும், ஆனால் குடை விரிக்கத் தோன்றாது. வெயில் அடிக்கும்போதே தூறும். ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டு மறுபடி வரும். புளியரையில் தலை நனையும். செங்கோட்டையில் முகம் நனையும். ஆய்க்குடியில் காற்று மட்டும் குளிர்ந்திருக்கும். சுரண்டை தாண்டினால் புழுதி. ஒரு டவுன் பஸ் ஓடும் தூரத்துக்குள் நெல்வயலும் தென்னையும் முடிந்து பனையும் உடைமரமும் தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் இவ்வளவு சீக்கிரம் நிறம் மாறும் நிலம் வேறு அதிகமில்லை.

ஆய்க்குடி அந்த மாற்றத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே வயல், கிழக்கே மானாவாரி. சங்க காலத்துக் கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரன் பொதிகை மலை நாட்டை ஆண்டவன். அவன் தலைநகர் இதுதான் என்று ஊர் நம்புகிறது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவன் யானைக் கொடையைத்தான் திரும்பத் திரும்பப் பாடினார் என்பதை நினைத்தால், மேக்கரைத் தோப்பில் இறங்கும் யானைகளின் முன்னோரைப் பற்றிய பழைய சாட்சி ஒன்று நமக்குக் கிடைத்துவிடுகிறது. கிரேக்க நிலவியலாளர் தாலமியும் ஆய்களின் நாட்டைத் தன் நூலில் குறித்திருக்கிறார். அவர் பெட்டிகோ என்று எழுதிய மலை பொதிகைதான் என்பது பல அறிஞர்களின் கருத்து.

ஊரின் பாலசுப்பிரமணியர் கோயில் அனுமன் நதிக் கரையில் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டவர்கள் நேர்த்திக்கடனாகப் படிப்பாயசம் போடுகிறார்கள். ஆற்றுக்கு இறங்கும் கல்படிகளைத் தேய்த்துக் கழுவி, அதன் மேலேயே பாயசத்தை ஊற்றுவார்கள். இலை கிடையாது, கிண்ணம் கிடையாது. சிறு பிள்ளைகள் படியில் உட்கார்ந்து கையால் வழித்துச் சாப்பிடும். முழங்கை வரை ஒழுகிய பாயசத்தை நக்கிக்கொண்டு ஒன்று எழுந்து ஓட, அதன் இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும். சாப்பிட்டு முடித்தால் கை கழுவ ஆறு பக்கத்திலேயே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் காலமாக இருந்தால், அதாவது.

1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இங்கேதான் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர், மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மறுவாழ்வு மையம் ஒன்றை இப்படியொரு சிற்றூரில் கட்டி எழுப்பியது தனிக் கட்டுரைக்கான விஷயம். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

ஆய்க்குடிக்கு வேறொரு பழைய முகவரியும் உண்டு. 1956 வரை இது திருவிதாங்கூர். மலைக்கு இந்தப் பக்கம் இருந்தும் செங்கோட்டைத் தாலுகா மன்னர் ஆட்சியில் இருந்தது. ஆய்க்குடியும் சாம்பவர்வடகரையும் அதில் அடக்கம். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 அன்று தாலுகாவின் தமிழ்ப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை அன்றே மலைக்கு மேலே, கோட்டைவாசலுக்கு நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நகரவில்லை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, பழைய எல்லைக்கோடு போன இடத்துக்கு இன்றும் பிரானூர் பார்டர் என்றுதான் பெயர். அங்கே விற்கும் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் பார்டர் கடைச் சாப்பாடு. எந்த பார்டர் என்று கேட்டால், அடுப்படியில் கல்லைத் துடைத்துக்கொண்டிருக்கும் பையன் மேற்கே மலையைத்தான் கைகாட்டுவான். அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவன் நிற்கும் இடத்திலிருந்து பார்டர் போய்விட்டது. செங்கோட்டை ஊர் முகப்பில் திருவிதாங்கூர்ச் சின்னத்தோடு நிற்கும் வளைவு பழைய அரசின் இன்னொரு மிச்சம்.

மன்னர் காலத்துத் துறைமுகம் கொல்லத்தில்; வெள்ளைக்காரர் காலத்து ரயில் திருநெல்வேலியில். இரண்டையும் இணைக்க மலையில் ஒரே ஒரு இடம்தான் இடம் கொடுத்தது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 49 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை 1904 நவம்பரில் திறந்தது. பகவதிபுரம்தான் தமிழ்நாட்டின் கடைசி நிலையம். அதைத் தாண்டியதும் வண்டி குகைக்குள் நுழைகிறது. நுழையும்போது வெயில், வெளியே வரும்போது மழை என்பது இந்தப் பாதையில் பயணம் செய்த எல்லோரும் சொல்லும் அனுபவம். ஆடி மாதத்தில் பெரும்பாலும் உண்மையும்கூட. குகைக்கு அப்பால் ஆரியங்காவு, இடப்பாளையம், பிறகு கழுதுருட்டி அருகே கருங்கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலம். சாலையில் போகிறவர்களும் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்க்கும் பாலம் அது. அகலப்பாதைக்காக 2010இல் நிறுத்திய ரயில் 2018இல்தான் மறுபடி ஓடியது. எட்டு வருஷம் மலையின் இருபுறமும் சம்பந்தம் வைத்திருந்தவர்கள் பஸ்ஸில் வளைந்து வளைந்து போய்க் கல்யாணம் விசாரித்தார்கள். இன்றும் இந்த ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் தள்ளிவிட இன்னோர் எஞ்சினைச் சேர்க்கிறார்கள்.

கணவாயின் வடக்கு ஓரத்தில் இன்னொரு பாதை இருக்கிறது. ஆய்க்குடியிலிருந்து பண்பொழி, அங்கே குன்றின் மேல் திருமலைக்குமாரசாமி கோயில். பிறகு மேக்கரை, அங்கிருந்து காட்டுக்குள் ஏறி இறங்கினால் அச்சன்கோவில். ஊர் கேரளத்தில் இருக்கிறது. ஆனால் மார்கழி விழாவுக்கு அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து கிளம்பும்போது, மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. தென்காசியில் மேளதாளத்தோடு வரவேற்பு. பிறகு செங்கோட்டை, பண்பொழி வழியாக மறுபடி மலை ஏறிக் கேரளத்துக்குள் இறங்குகிறது. ஒரு மாநிலத்தின் சாமி நகை, அதே மாநிலத்தின் இன்னோர் ஊருக்குப் போக அடுத்த மாநிலத்தைச் சுற்றி வருகிறது. பழைய திருவிதாங்கூர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், தென்காசி ஒன்றைத் தவிர, அந்தப் பெட்டி வீட்டு முற்றத்துக்குள்ளேயேதான் நடக்கிறது.

இனி குத்தாலம். புத்தகத்தில்தான் குற்றாலம், தென்காசி பஸ் நிலையத்தில் அந்த வல்லின ‘ற’வை யாரும் உச்சரிப்பதில்லை. ஜூன் பிறந்ததும் இந்த வட்டாரத்தின் எல்லாத் தேநீர்க் கடைகளிலும் ஒரே விசாரணை.

“குத்தாலத்துல தண்ணி விழுதா, அண்ணாச்சி?”

“இப்ப வந்த பஸ்ஸுல ஒருத்தர் தலையும் காயல. நல்லாத்தான் விழுது.”

குளித்தவர்களின் தலைமுடியைப் பார்த்துச் சொல்லும் இந்த வானிலை அறிக்கை தவறுவது அபூர்வம். மலை உச்சியில் ஊறும் சிற்றாறு முதலில் தேனருவியாகவும், பிறகு செண்பகாதேவி அருவியாகவும், கடைசியில் பேரருவியாகவும் இறங்குகிறது. பேரருவி நேராகத் தரையில் விழுந்தால் கீழே ஆள் நிற்க முடியாது. ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீரைப் பாதியில் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளம் வாங்கிக்கொண்டு, வேகத்தைத் தணித்து அனுப்புகிறது. அந்தப் பள்ளத்தின் தயவில்தான் லட்சக்கணக்கானவர்கள் தலையைக் கொடுக்கிறார்கள். தண்ணீர் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. ஆனால் மலையில் பெய்வது கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் சில நிமிடங்களில் வந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். குற்றாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் எண்ணெய்க் குளியலையும் விடாமல் எழுதுகிறோம். அந்த அருவியின் நீர்ப்பிடிப்பு எவ்வளவு செங்குத்தானது, எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது.

கீழே இறங்கிய சிற்றாற்றைச் சுற்றுலாக்காரர் யாரும் பின்தொடர்வதில்லை. சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது. தென்காசியைக் கடந்து கிழக்கே போகும் ஆற்றின் குறுக்கே தலையணை, பாவூர், மாறாந்தை, மானூர், கங்கைகொண்டான் என்று பதினேழு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துக் குளங்களுக்கு அனுப்புகிறது. வழியில் வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஆய்க்குடியின் அனுமன் நதி வந்து சேர்கிறது. மிஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மிஞ்சினால்தான்.

மழைக்காலத்தில் உள்ளூர் நாளிதழ்களில் தினமும் வரும் அணை நீர்மட்டத்தை இந்த மாவட்டத்தார் பங்குச்சந்தைக்காரர்களைப் போல வாசிக்கிறார்கள். கடனா 85 அடி, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36, அடவிநயினார் 132. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பள்ளத்தாக்கு. கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய குண்டாறு சாரலிலேயே நிரம்பி ஜூன், ஜூலையில் வழிந்துவிடும். மேக்கரை அடவிநயினார் அதற்கடுத்து. தெற்கே கடையம் பக்கத்துக் கடனாவும் ராமநதியும் உயர்ந்த மலையின் மறைவில் இருப்பதால் பெரும்பாலும் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். எந்த அணை எப்போது நிரம்புகிறது என்ற வரிசையை வைத்தே மலை எங்கே தாழ்கிறது, எங்கே உயர்கிறது என்று ஒரு பிள்ளையால் படம் போட்டுவிட முடியும்.

வடக்கே போகப்போக அந்தப் படத்தில் ஒரு வெற்றிடம் வருகிறது. வாசுதேவநல்லூர், சிவகிரிக்கு மேலே மலை உயரமாக நிற்கிறது. அதன் முதுகில் நல்ல மழை. ஆனால் தண்ணீர் மேற்கே ஓடிவிடுகிறது. சாரலும் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. மலை வழிவிடாத அந்த இடத்தில் ஆட்களே வழி செய்துகொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூர் அரசும் பேசி முடித்து, மேற்கே ஓடும் ஓடை ஒன்றைக் கிழக்கே திருப்ப மலை மேல் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள். செண்பகவல்லி அணை என்று அதற்குப் பெயர். 1960களின் வெள்ளத்தில் சுவர் உடைந்தது. உடைந்த இடம் இன்று கேரள எல்லைக்குள், பெரியாறு புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. சரிசெய்வது பற்றி இரு மாநில அரசுகளும் பல முறை பேசியாயிற்று, கடிதம் எழுதியாயிற்று. தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று சிவகிரி, வாசுதேவநல்லூர்க்காரர்கள் கொண்டுவரும் மனுக்களில் அந்த அணையின் பெயர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.